உணவு நோட்டில் எழுதாமல் விட்டது

வயிற்றைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம்தான். நெஞ்சுவலி வந்தவர்கள் அதை நாலு பேர் நடுவில் சொல்லலாம், கேட்பவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள். சர்க்கரைக்காரர்கள் கல்யாணப் பந்தியிலேயே சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஏழு தடவை கக்கூஸுக்கு ஓடுகிறேன் என்று எந்தப் பந்தியில் போய்ச் சொல்வது? வாயைத் திறக்காமல் நான்கு வருடம் இருந்ததால்தான் எனக்கு இவ்வளவு அவதி. என்னைப்போல இன்னும் யாராவது கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் அவருக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் புனேயில் கட்கியில் இருந்தோம். தொண்ணூறுகளின் பின்பாதி. என் கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. இருவருக்கும் சொந்த ஊர் மதுரை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தளேகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் லோணாவளா லோக்கல் ரயிலில் போய்வர வேண்டும். லோக்கலில் கக்கூஸ் கிடையாது. என்னைப் போன்ற வயிறு உள்ளவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

வழியில் எந்த ஸ்டேஷனில் கக்கூஸ் இருக்கிறது, எது பூட்டியே இருக்கும், எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். சாப்பிட்டால் வருகிறது என்று சாப்பிடாமல் கிளம்புவேன். சாப்பிடாவிட்டாலும் வரும். முதலில் தொப்புளுக்குக் கீழே ஒரு பிடிப்பு, அப்புறம் உப்புசம், அப்புறம் ஓட்டம். நடுவழியில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏறி, பள்ளிக்கு லேட்டாகப் போய் நின்று, வண்டி லேட் என்று பொய் சொல்வேன். மற்ற டீச்சர்களும் அதே வண்டியில்தான் வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், கையெழுத்து வாங்குகிறவருக்கும் தெரியும்.

என் வேலைக்கே உலை வைத்தது ஒரு மார்ச் மாதம். போர்டு தேர்வில் என்னை ஒரு ஹாலுக்குக் கண்காணிப்பாளராகப் போட்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் ஹாலை விட்டு நகரக் கூடாது. இரண்டாவது மணி நேரத்தில் பிடிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கடைசியில் ஓடினேன். திரும்பி வந்தபோது ஹாலுக்குள் பறக்கும் படை நின்றுகொண்டிருந்தது. யாரும் காப்பியடித்துப் பிடிபடவில்லை, அது அந்தப் பிள்ளைகளின் நல்ல மனசு. ஆனால் எனக்கு மெமோ வந்தது. எங்கள் தலைமையாசிரியை மராத்திக்காரர், கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. அடுத்த மார்ச்சிலும் உங்களுக்கு ஹால் உண்டு, மூன்று மணி நேரம் நிற்க முடியாதென்றால் அதற்குமுன் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது கௌரவம் என்றார். பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் நிற்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் இருந்தது.

வைத்தியம் பார்க்காமலும் இருக்கவில்லை. கட்கி பஜார் டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார், பிறகு அமீபாவுக்கு மாத்திரை கொடுத்தார், பிறகு மறுபடி பூச்சி மாத்திரை கொடுத்தார். மதுரையிலிருந்து என் மாமியார், இது வாயுதான், பூண்டுப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பக்குவத்தோடு கடிதம் எழுதினார். ஆறு பல் பூண்டு, ஒரு டம்ளர் பால், பூண்டு குழைய வேக வேண்டும், மஞ்சள், மிளகு, பனங்கற்கண்டு. என் கணவருக்குச் சமையலறையில் தண்ணீர்ப் பானையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த மனுஷர் கடிதத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்து, பூண்டு உரிக்கக் கற்றுக்கொண்டார். நான்கு வருடம், ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு டம்ளரோடு வந்து நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடு என்பார். குடித்துவிடுவேன். எனக்காக அவர் சமைக்கக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த ஜூலையில், நல்ல மழை நாளில், ஆகுர்டி பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தேன். அதற்குமுன் மூன்று நாளாகத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. கூட வந்த இரண்டு பெண்கள் என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பெண்கள் வார்டில் யாரும் வேண்டாமென்று காலியாகக் கிடந்த கக்கூஸ் பக்கத்துக் கட்டிலை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வார்டின் ஆயாவை எல்லோரும் மாவ்ஷி என்று கூப்பிட்டார்கள், மராத்தியில் சித்தி என்று அர்த்தம். இந்தக் கட்டிலை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய முதல் ஆள் நீதான் என்று மாவ்ஷி சிரித்தார். முதல் நாள் இரத்தம், மலம், ஸ்கேன். இரண்டாம் நாள் பேரியம். வெறும் எக்ஸ்ரேயில் குடல் தெரியாதாம். அதனால் பேரியம் என்கிற வெள்ளைக் குழம்பைக் குழாய் வழியாகப் பின்பக்கத்திலிருந்து குடலுக்குள் நிரப்பிப் படம் எடுக்கிறார்கள். குளிர்ந்த மேஜையில் இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்பார்கள். நிரப்பியதை அடக்கிக்கொள்ளவும் சொல்வார்கள். அடக்க முடியாமல்தானே இங்கே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் கொலோனோஸ்கோபி. நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள வளைகிற குழாயை உள்ளே விட்டு, குடலின் சுவரை நேராகவே பார்ப்பது. அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ உப்புக் கரிக்கும் மருந்துத் தண்ணீரை வயிறு கொள்ளாமல் குடிக்க வேண்டும். எதற்காக இந்தச் சோதனை என்று கேட்டேன். கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர், மழை நின்றுவிட்டதா என்று பார்ப்பதுபோல.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ வயிற்றுக்குள்ளேயே பேய். இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். இல்லையென்றால் என்ன செய்வது என்றும் யோசித்தேன், அது இன்னும் பயமாக இருந்தது. கட்டி என்றால் வெட்டி எடுப்பார்கள். ஒன்றுமில்லை என்றால் இதே வயிற்றோடு நான் இன்னும் எத்தனை வருடம் ஓடுவது? செத்துப்போனால் தேவலை என்று வாய்விட்டுச் சொன்னது அந்த வார்டில்தான். கொசுவர்த்தியோடு வந்த மாவ்ஷி காதில் அது விழுந்துவிட்டது. என் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் என் காலைப் பிடித்துவிட்டார்.

எல்லாம் நார்மல் என்று வந்தது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எனக்குப் புற்றுநோய் என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் ஒரு பெயர் சொன்னார், ஐபிஎஸ், எரிச்சல்படுகிற குடல் என்று அர்த்தம். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஆனால் அது அசைய வேண்டிய கதியில் அசைவதில்லை, அதன் நரம்புகள் சின்ன விஷயத்துக்கெல்லாம் கூச்சல் போடுகின்றன என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரையால் தீருவதும் இல்லை. மனக்கவலையில் அதிகமாகும். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், பக்கத்தில் நின்ற என் கணவரைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னார். அவர் போனதும், வீட்டில் ஏதாவது பிரச்சினை உண்டா, கணவர் எப்படி என்று கேட்டார். தங்கமான மனுஷர் என்றேன். டாக்டர் தலையை ஆட்டியபடி ஏதோ எழுதிக்கொண்டார். அறைக்கதவு சரியாகச் சாத்தவில்லை.

அந்த ஆறு நாளும் இவர் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்து, மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நின்று, என் துணிகளைத் தாமே துவைத்து, நர்ஸ் இல்லாத நேரமாகப் பார்த்து பிளாஸ்கைத் திறப்பார். உள்ளே பூண்டுப் பால். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கைமருந்தை விடக் கூடாதாம். வார்டு முழுக்க மணக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னை உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். வைசாலி மேடம், முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்து முகம் சுளிக்காத, பொறுமையில்லாமல் கடிகாரம் பார்க்காத முதல் ஆள். சாப்பிடுவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு, எவ்வளவு, அதன்பின் வயிறு என்ன செய்தது என்று எழுத வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும், இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான் என்றார். கணக்கு டீச்சருக்கு இது புரிந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

முதலில் வரமிளகாய் போனது. பிறகு ஸ்டேஷன் வடா பாவும் டீயும். பிறகு ஃபில்டர் காபி. அந்த இரண்டு வாரம் என் வாயில் விழுந்தவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரிச் சப்பாத்தி போய், சோள மாவில் தட்டும் பாக்ரி வந்தது. என் பாக்ரி ஒன்றுகூட வட்டமாக வந்ததில்லை. காலையில் அவசரமாக நின்றுகொண்டு விழுங்காமல், உட்கார்ந்து மென்று சாப்பிடப் பழகினேன். நார்ச்சத்துக்கு இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். ஏழு தடவை ஐந்தானது. தீபாவளிக்கு நாலானது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அதுவும் காலை நேரம்தான் மோசம், விடிந்ததும் பிடிப்பு, மத்தியானத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் சமாதானம். தேர்வோ பதினொரு மணிக்கு. டிசம்பரில் ராஜினாமா கடிதத்தை எழுதி, தேதி போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் இவரை ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் ஜபல்பூர் அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் எப்போதும்போலத்தான். மூன்றாம் நாள் காலை பிடிப்பு வரவில்லை. தப்பித் தவறி நடந்தது என்று நினைத்தேன். நாலாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் கட்கியிலிருந்து தளேகாவ் வரை ஒரே வண்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். நோட்டில் எட்டு நாள் வரிசையாக "நலம்" என்று எழுதினேன். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் பண்ணி எப்படி இருக்கிறாய் என்று கேட்பார், நன்றாக இருக்கிறேன் என்பேன், ஒவ்வொரு தடவையும் கூடுதல் சந்தோஷத்தோடு.

இவர் திரும்பி வந்த மறுநாள் காலை பழையபடி ஆரம்பித்தது. அதற்கு மறுநாளும்.

கக்கூஸுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்ததை எழுதக் கை கூசுகிறது. டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது, கணவர் எப்படி என்று. நோட்டில் சாப்பாடு அப்படியேதான் இருந்தது, அதே சோறு, அதே பாக்ரி. மாறியது ஒன்றே ஒன்றுதான். அவர் இல்லை, நான் நன்றாக இருந்தேன். அவர் வந்தார், நான் கெட்டுப்போனேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் விடை கிடைக்கும் என்று எனக்குத்தானே சொல்லிக் கொடுத்தார்கள். பதினாறு வருடம் என் பக்கத்தில் படுத்த மனுஷரை என் குடல் வெறுக்கிறதா? அதை என் மனசு எனக்கே சொல்லாமல் மறைக்கிறதா? கடுஞ்சொல் பேசாதவர், என் அழுக்குத் துணியை முகம் சுளிக்காமல் துவைத்தவர். அவர் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பாக்ரி சாப்பிடும்போது, குற்றவாளியைப் பார்ப்பதுபோல அவரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் அன்று என்னால் சாப்பிடவும் முடியவில்லை.

அடுத்த வாரம் வைசாலி மேடத்தைப் பார்க்க வேண்டிய நாள். நானும் வருகிறேன் என்றார் இவர். அதுவரை வந்ததே இல்லை. லீவு போட்டுவிட்டு வந்தார். மேடம் நோட்டைப் புரட்டி எட்டு நாள் "நலம்" வந்த பக்கத்தில் நிறுத்தி, அந்த நாட்களில் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்தான் இந்தியில் பதில் சொன்னார், நான் அப்போது ஊரில் இல்லை மேடம் என்று. மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இவரிடம், வீட்டில் இருக்கும்போது நீங்கள் மனைவிக்காக என்னவெல்லாம் செய்வீர்கள், காலையிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

இவர் விரல்விட்டுச் சொன்னார். தண்ணீர் பிடித்து வைப்பேன், காய் வாங்கி வருவேன், ராத்திரி மருந்து கொடுப்பேன்.

என்ன மருந்து என்றார் மேடம்.

"தூத் மே லஹ்சுன்," என்றார் இவர் கொஞ்சம் பெருமையாகவே. பாலில் பூண்டு.

மேடம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். எங்கேயும் இல்லை. ஆறு மாதம், ஒரு பிஸ்கட்டைக்கூட விடாமல் எழுதியவள் நான். பூண்டுப் பாலை எழுதவில்லை. அது மருந்தாயிற்றே, மருந்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்களா? இவர் ஜபல்பூரில் இருந்த பத்து நாளும் நான் அதைக் குடிக்கவும் இல்லை. எனக்கு நானே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொள்ளச் சோம்பல்.

மேடம் கோபிக்கவில்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சாறு வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும் என்றார். பூண்டிலும் வெங்காயத்திலும் செரிக்காத ஒரு பொருள் இருக்கிறது, அது பெருங்குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும் என்றார். மற்றவர்களின் குடல் அதைத் தாங்கிக்கொள்ளும், கூச்சல் போடுகிற குடல் தாங்காது. இராத்திரி குடித்தது விடிகாலையில் வேலையைக் காட்டியிருக்கலாம். ஆனாலும் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், பிறகு பாலை மட்டும் குடித்துப் பாருங்கள், பிறகு பூண்டை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார்.

இவர் என்னை ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். வந்ததும் அலமாரிக் கதவிலிருந்து அம்மாவின் கடிதத்தைக் கிழியாமல் எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார். அன்று ஒன்பது மணிக்கு, சும்மா இருக்க முடியாமல், சமையலறை வாசலில் போய் நின்றார். பிறகு அதே பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, அதே டம்ளரில் கொண்டுவந்தார். இதில் ஒன்றுமே இல்லை, வெறும் வெந்நீர்தான் என்றார், நான் கேட்காமலேயே.

இரண்டு வாரத்தில் நாலு இரண்டானது. பாலைச் சோதித்த அன்று அரை டம்ளருக்கே காலையில் பிடிப்பு வந்தது. பூண்டு அதைவிட மோசம், இரண்டு பல்லுக்கு ஒரு பகல் முழுவதும் போனது. தயிர் இரண்டு கரண்டி ஒத்துக்கொண்டது. வெங்காயமும் போயிற்று. வெங்காயமும் பூண்டும் இல்லாத ரசத்தை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம், இவருக்குத் தனியாக வைக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்றுவிட்டார்.

மார்ச் வந்தது. அறிவியல் தேர்வன்று எனக்கு ஹால். விடிகாலையில் எழுந்து இரண்டு இட்லி, உப்பும் நல்லெண்ணெயும் தொட்டு. பயத்திலேயே ஒரு தடவை போய்வந்தேன், பயத்துக்குப் பத்தியம் கிடையாது. பதினொரு மணிக்கு மணி அடித்தது. பன்னிரண்டு மணிக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. பிடிப்பா, பிரமையா என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்து நின்றேன், அடங்கிவிட்டது. ஒரு மணிக்கு, இரண்டாவது வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். காரணம் கேட்காமல், வராந்தாவில் நின்ற டீச்சரைக் கூப்பிட்டு அவளை அனுப்பி வைத்தேன். தலைமையாசிரியை இரண்டு தடவை கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு மணிக்குக் கடைசி மணி அடித்தபோது நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்ட தலைமையாசிரியை "சலா, ஜால" என்றார், அவ்வளவுதான், முடிந்தது என்கிற மாதிரி. பள்ளிக் கக்கூஸில் போய் உட்கார்ந்து, ஒன்றும் வராமல், அழ மட்டும் அழுதேன். ராஜினாமா கடிதத்தைக் கிழித்து அங்கேயே போட்டேன்.

எனக்குக் குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இது குணமாகிற நோயல்ல, அடங்கியிருக்கிற நோய். கல்யாண வீட்டுச் சாம்பாரை ஆசைப்பட்டு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டால் இன்றும் இரண்டு நாள் வட்டியோடு வாங்கிவிடும். உங்களுக்குப் பாலும் பூண்டும் ஒத்துக்கொள்ளலாம், வேறு எதுவோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நோட்டுப் போட்டு எழுதுங்கள். மருந்தென்று கொடுப்பதையும், அன்பாகக் கொடுப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தேர்வு முடிந்த அன்று இரவு ஒன்பது மணிக்கு இவர் வெந்நீரோடு வந்தார். மூன்று மணி நேரம் நின்ற தைரியம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஜனவரியிலிருந்து நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க ஜபல்பூர் போயிருந்தப்ப எனக்கு நல்லாருந்துச்சு. திரும்பி வந்ததும் கெட்டுப்போச்சு. பூண்டுன்னு தெரியுறதுக்கு முந்தி, நீங்கதான் காரணமோன்னு நெனச்சேங்க."

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார். தலை நிமிரவில்லை.

"நானுந்தான் நெனச்சேன்," என்றார். "அந்த டாக்டர் கதவ நல்லாச் சாத்தல. ஜபல்பூர்ல இருந்து போன் போட்டப்பல்லாம் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே. அதான் லீவு போட்டுட்டு உங்கூட வந்தேன். உன் ஒடம்புக்கு நாந்தான் ஆகலைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்கன்னா, அங்கிட்டே டிரான்ஸ்பர் கேட்டுப் போயிறலாம்னு எழுதிச் சட்டப்பையிலகூட வச்சிருந்தேன்."

என் கைப்பையில் ஒரு கடிதம், அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம், ஒரே வீட்டில் இத்தனை நாள்.

"ஆறிப்போகுது," என்றார் அவர். "குடி."